வேலையை யார் செய்யணும்: போனா, பக்கத்துப் பெட்டியா, தூரத்து கிளவுடா?

இன்னைக்குப் பேசப்போற விஷயத்தோட பேரு கொஞ்சம் பயமுறுத்தும். எட்ஜ் கம்ப்யூட்டிங், அதுல டாஸ்க் ஆஃப்லோடிங், ரிசோர்ஸ் அலொகேஷன், அதுவும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற மாதிரி. இன்ஜினியரிங் படிக்கிறவங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்புல இதைப் பார்த்திருப்பீங்க. படிக்காதவங்க தயவுசெஞ்சு ஸ்கிப் பண்ணிடாதீங்க. உள்ள இருக்கிறது நம்ம வீட்டுல தினமும் கேட்கிற கேள்விதான்.

சாம்பார் பொடி அரைக்கணும். கால் கிலோன்னா மிக்ஸியிலேயே போட்டுடுவோம். நாலு கிலோன்னா மிக்ஸி சூடாகிடும், தெருமுனை மாவு மில்லுக்குத் தூக்கிட்டுப் போவோம். தூக்கிட்டுப் போற சிரமம், அங்க வரிசையில நிக்கிற நேரம், அரைக்கிற கூலி, இதையெல்லாம் மனசுல ஒரு நொடியில கூட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம். உங்க போனும் இதே முடிவை எடுக்க வேண்டியிருக்கு. ஒரு போட்டோவை அலசணும், ஒரு குரலை எழுத்தாக்கணும். தானே செய்யணுமா, பக்கத்துல இருக்கிற ஒரு பெட்டிக்குக் கொடுக்கணுமா, எங்கேயோ இருக்கிற டேட்டா சென்டருக்கு அனுப்பணுமா? இப்படி வேலையைத் தள்ளி விடுறதுக்குப் பேருதான் ஆஃப்லோடிங். அந்தப் பக்கத்துப் பெட்டிதான் எட்ஜ்.

நான் திண்டுக்கல் மாவட்டக்காரி. நிலக்கோட்டை பக்கம் சொந்த ஊர், இப்போ சென்னையில வேலை. அதனால இன்னைக்கு உதாரணங்கள் எல்லாம் எங்க ஊர்ச் சமவெளியில இருந்துதான் வரும். பெரும்பாலான ஆராய்ச்சிக் கட்டுரைகள் நல்ல சிக்னல் இருக்கிற நகரத்தை மனசுல வெச்சு எழுதினவை. சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டுற இடத்துல இந்தக் கணக்கு எப்படி மாறுதுன்னு பார்த்தாத்தான் விஷயம் முழுசா புரியும்.

டீக்கடையில் ஒரு டேட்டா சென்டர்

முதல்ல கொஞ்சம் வரலாறு. இந்தத் துறையோட முன்னோடிகள்ல ஒருத்தர் மகாதேவ் சத்தியநாராயணன். சென்னை ஐஐடியில 1975-இல் பி.டெக், 1977-இல் எம்.டெக் முடிச்சுட்டு அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அங்கேயே பேராசிரியராகவும் ஆனார். நெட்வொர்க் அறுந்துபோனாலும் கோப்புகள்ல வேலை செய்ய முடியணும்னு கோடா என்ற அமைப்பைக் கட்டினது அவரோட குழுதான். கிளவுட்னு ஒரு சொல் பிரபலமாகிறதுக்கு ரொம்ப முன்னாடியே அவரோட கவலை இதுதான்: கையில இருக்கிற கருவி சின்னது, பேட்டரி சின்னது, இணைப்பு நம்ப முடியாதது, அப்போ என்ன செய்யறது?

2009-இல் அவரும் பரம்வீர் பால் உள்ளிட்ட மூணு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அதுல கிளவுட்லெட் என்ற சொல் வருது. குட்டி மேகம்னு வெச்சுக்கலாம். காபி ஷாப்புல வைஃபை பெட்டி இருக்கிற மாதிரி, ஒரு சின்ன டேட்டா சென்டரையே பெட்டிக்குள்ள வெச்சு அங்கேயே வெச்சிடலாம். போன் தன்னோட கனமான வேலையை அதுக்குக் கொடுக்கட்டும் என்பதுதான் யோசனை. நம்ம ஊர்க் கணக்குல, பேருந்து நிலையத்து டீக்கடையில ஒரு சர்வர். 2014-இல் ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான எட்சி, செல்போன் டவர் பக்கத்துலயே சர்வர் வைக்கிறதுக்கான தரநிலைகளை உருவாக்க ஒரு குழு அமைச்சது. எட்ஜ் என்ற பேச்சு தொழிலுக்குள்ள வந்த வழி இது.

பக்கத்துல வைக்கிறதால என்ன லாபம்? திண்டுக்கல்லுக்கும் மும்பைக்கும் நேர்கோட்டுல சுமார் 1,100 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள்ள ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப 2,200 கிலோமீட்டர், அதாவது குறைஞ்சது 11 மில்லி நொடி. இது பெரிசா தெரியாது. ஆனா கேபிள் நேர்கோட்டுல போறதில்ல, வழியில பல ரவுட்டர்கள்ல வரிசையில நிக்கணும், முக்கியமா போனுக்கும் டவருக்கும் நடுவுல இருக்கிற அந்தக் கடைசித் துண்டுலதான் நேரமும் பேட்டரியும் கரையுது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. பெட்டி பக்கத்துல இருந்தாலும் அதுக்கு அனுப்புற ரேடியோ நம்ம பேட்டரியிலதான் ஓடுது.

ஒரே போட்டோ, ரெண்டு விடை

இப்போ கணக்குக்கு வருவோம். கணக்குன்னதும் பயப்படாதீங்க, பெருக்கலும் வகுத்தலும்தான்.

ஒரு வேலையைப் போன்லயே செஞ்சா ஆகுற ஆற்றல்: எத்தனை நொடி ஓடுது, நொடிக்கு எத்தனை ஜூல். வெளியே அனுப்பினா ஆகுற ஆற்றல்: டேட்டாவோட அளவை இணைப்பு வேகத்தால வகுத்தா வர்ற நேரம், அதை ரேடியோ இழுக்கிற பவரால பெருக்கணும். பதில் வர்ற வரைக்கும் ஸ்கிரீனைப் போட்டுக் காத்திருக்கிற செலவும் மேல.

ஒரு இலையோட போட்டோ. ஒரு எம்பி, அதாவது 8 மெகாபிட். போன்லயே அலசினா 5 நொடி, 4 வாட். மொத்தம் 20 ஜூல். அனுப்பும்போது ரேடியோ 2 வாட் இழுக்குதுன்னு வெச்சுக்குவோம். இதெல்லாம் கணக்கு புரியிறதுக்காக நான் எடுத்துக்கிட்ட எண்கள், போனுக்குப் போன் மாறும்.

திண்டுக்கல் டவுன்ல, பேருந்து நிலையம் பக்கம் நிக்கிறீங்க. அப்லோட் வேகம் 8 மெகாபிட். ஒரே நொடியில போட்டோ போயிடும். செலவு 2 ஜூல். 20 எங்கே, 2 எங்கே? கண்ணை மூடிட்டு அனுப்பலாம். அதே போன், அதே போட்டோ, ஆனா நீங்க நிக்கிறது சிறுமலை அடிவாரத்துல ஒரு தோட்டம். மலை மறைக்குது, சிக்னல் ஒரு கோடு, வேகம் 0.2 மெகாபிட். 40 நொடி ஆகும். 80 ஜூல். அதோட சிக்னல் குறைஞ்ச இடத்துல போன் இன்னும் சத்தமா கத்த வேண்டியிருக்கும், அதாவது பவரைக் கூட்டும். அதனால 80-க்கும் மேலயே போகும். அப்போ போன்லயே செஞ்சா 20 ஜூல்ல முடிஞ்சிருக்கும்.

ஆகவே, ஆஃப்லோட் செய்யறது நல்லதா கெட்டதான்னு கேட்டா, எங்க நின்னுட்டுக் கேட்கிறீங்கன்னு திருப்பிக் கேட்கணும். ஆப் எழுதும்போதே இதை ஒருதடவை முடிவுபண்ணிப் பூட்டிட்டா தப்பாகிடும். ஓடும்போது ஒவ்வொரு தடவையும் முடிவெடுக்கணும். 2010-இல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் குழு ஒண்ணு மௌயி என்ற பேர்ல செஞ்சது இதைத்தான். நிரலோட எந்தெந்தப் பகுதியை வெளியே அனுப்பலாம்னு எழுதுறவர் குறிச்சிடுவார். எதை எப்போ அனுப்பறதுன்னு அப்போதைய நெட்வொர்க்கைப் பார்த்து அமைப்பே முடிவுபண்ணும். முகத்தை அடையாளம் காணுற ஒரு செயலிக்கு, வெளியே அனுப்பினதால ஆற்றல் செலவு கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கா குறைஞ்சதுன்னு அவங்க காட்டினாங்க.

அதே 2010-இல் பர்டியூ பல்கலைக்கழகத்துல கார்த்திக் குமார், யுங்-ஷியாங் லூ ரெண்டு பேரும் ஒரு கட்டுரை எழுதினாங்க. அதுல இருக்கிற விதி ரொம்ப எளிமையானது. கணக்கு நிறைய, அனுப்ப வேண்டிய டேட்டா கொஞ்சம்னா வெளியே கொடு. டேட்டா நிறைய, கணக்கு கொஞ்சம்னா உள்ளேயே வெச்சுக்கோ. அவங்க சொன்ன நல்ல உதாரணம் செஸ். குகேஷ் உலக சாம்பியன் ஆன ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேணாம். 64 கட்டம், அதுல எந்தக் காய் எங்க இருக்குன்னு சொல்ல சில பத்து பைட் போதும். ஆனா அடுத்த நகர்வை யோசிக்கக் கோடிக்கணக்கான கணக்கு. அனுப்பறதுக்குன்னே பிறந்த வேலை அது.

ஆள் சேர்ந்ததும் கிளம்புற ஷேர் ஆட்டோ

இன்னொரு ரகசியம் இருக்கு. ரேடியோ ஒரு வேலை முடிஞ்சதும் உடனே தூங்காது. அடுத்து ஏதாவது வருமோன்னு முழிச்சிட்டே இருக்கும். 2009-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிரஞ்சன் பாலசுப்ரமணியன், அருணா பாலசுப்ரமணியன், அருண் வெங்கடரமணி மூணு பேரும் இதை அளந்தாங்க. 3ஜி-யில ஒரு சாதாரண அனுப்புதலுக்கு ஆகுற ஆற்றல்ல கிட்டத்தட்ட 60 சதவீதம் அனுப்பி முடிச்ச பிறகு சும்மா முழிச்சிட்டு இருந்ததுல போகுதுன்னு கண்டுபிடிச்சாங்க. இதை வால் ஆற்றல்னு சொல்லலாம். 4ஜி-யிலும் இந்த வால் இருக்கு.

அப்போ நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு சின்ன மெசேஜ் அனுப்பறதும், பத்து நிமிஷம் சேர்த்து ஒரே தடவை அனுப்பறதும் ஒண்ணு இல்ல. முதலாவதுல பத்து வால், ரெண்டாவதுல ஒரே வால். பேருந்து நிலையத்துல ஷேர் ஆட்டோ ஒரு ஆளுக்காகக் கிளம்பாது, சீட்டு நிறையட்டும்னு நிக்கும். அவசரம் இல்லாத வேலைக்கு அதுதான் சரி. அவசர வேலைன்னா தனி ஆட்டோதான் பிடிக்கணும்.

போன்லயே செய்யும்போதும் ஒரு தேர்வு இருக்கு. ப்ராசசரை எவ்வளவு வேகமா ஓட்டுறது? வேகத்தைக் கூட்டினா வோல்டேஜையும் கூட்டணும். பாடப்புத்தகக் கணக்குப்படி வேகத்தைப் பாதியாக்கினா வேலை முடிய ரெண்டு மடங்கு நேரம் ஆகும், ஆனா அந்த வேலைக்கான ஆற்றல் கால்வாசியா குறையும். நிஜத்துல ஓட்டைப் பானை மாதிரி சும்மாவே ஒழுகுற மின்சாரமும் இருக்கிறதால அவ்வளவு லாபம் வராது. ஆனாலும் திசை அதுதான். வத்தலக்குண்டு ரோட்டுல பைக்கை எண்பதுல ஓட்டுறவனுக்கும் நாற்பதுல ஓட்டுறவனுக்கும் மைலேஜ் ஒண்ணா இருக்காதுங்கிறது உங்களுக்கே தெரியும். பத்து நிமிஷம் லேட்டாப் போனாப் பரவாயில்லைன்னா, மெதுவா ஓட்டுறதுதான் புத்திசாலித்தனம்.

சித்தி கேட்ட கேள்வி

இது எல்லாம் யாருக்கு வேணும்? எங்க சித்திக்கு வேணும்.

நிலக்கோட்டை பக்கம் மல்லிகை போடுற குடும்பம் எங்களுது. மொட்டா இருக்கும்போதே பறிக்கணும். விடியறதுக்கு முன்னாடியே தோட்டத்துல இறங்கிடுவாங்க. வெளிச்சம் வந்து மொட்டு விரிஞ்சிடுச்சுன்னா விலை விழுந்துடும். மொட்டுப்புழு விழுந்தா இன்னும் மோசம், மொட்டையே துளைச்சு உள்ளே தின்னுடும்.

போட்டோ எடுத்துப் போட்டா பூச்சியோட பேரைச் சொல்ற ஒரு ஆப் சித்தி போன்ல இருந்துச்சு. எந்த ஆப்னு சொல்ல வேணாம். ஒவ்வொரு போட்டோவையும் அது அப்படியே சர்வருக்கு அனுப்பும். தோட்டத்துல சிக்னல் வராது, அது விடாம முயற்சி பண்ணிட்டே இருக்கும். சாயங்காலம் எடுத்த ஏழெட்டுப் போட்டோவை ராத்திரி முழுக்க அனுப்பப் பார்த்து, காலையில நாலு மணிக்கு சித்தி போனை எடுத்தப்போ அது செத்துப்போய் இருந்துச்சு.

சித்தி என்கிட்ட சொன்னாங்க: "ஏம்மா, பூச்சி பேரு தெரிஞ்சு நான் என்ன பண்ண? லைட்டு இல்லாம எப்படிப் பூப் பறிக்க? கமிஷன் கடைக்காரர் விலை சொல்லக் கூப்பிட்டா எப்படித் தெரியும்? வண்டிக்காரத் தம்பி எங்க நிக்கிறான்னு யாருகிட்ட கேக்க?"

அந்தப் போன் டார்ச் லைட்டு. சந்தை விலை சொல்ற கருவி. வண்டியைக் கூப்பிடுற வழி. பணம் வாங்குற பெட்டி. சென்னையில நமக்கு பேட்டரி 15 சதவீதம்னா மெட்ரோ ஸ்டேஷன்ல எங்கேயாவது சார்ஜ் போட்டுக்குவோம். தோட்டத்துல அந்த 15 சதவீதம்தான் அன்னைக்குச் சம்பாத்தியம். ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஆற்றலை ஜூல்ல எழுதும். எல்லா ஜூலுக்கும் ஒரே மதிப்புன்னு நினைச்சு எழுதும். காலை நாலு மணிக்கு நிலக்கோட்டைத் தோட்டத்துல இருக்கிற ஒரு ஜூலும், சாயங்காலம் சார்ஜர்ல மாட்டியிருக்கிற போன்ல இருக்கிற ஒரு ஜூலும் ஒண்ணு கிடையாது. நல்ல ஆஃப்லோடிங் அமைப்புன்னா பேட்டரி எவ்வளவு மிச்சம் இருக்கு, அடுத்த சார்ஜ் எப்போன்னு கேட்டுட்டு, அதுக்கேத்த மாதிரி அந்த ஜூலுக்கு விலை போடணும். பேட்டரி குறையக் குறைய விலை ஏறணும். சில கட்டுரைகள் இந்த எடையைச் சேர்க்குது. ஆப் எழுதுற நாமும் சேர்க்கணும்.

படத்தை அனுப்பாதே, பதிலை அனுப்பு

போனையே விட்டுட்டு, தோட்டத்துல ஒரு தனிக் கருவி வெச்சா? பூச்சிப் பொறிக்குள்ள ஒரு சின்ன கேமரா. கல்லூரி மாணவர்கள் நிறைய பேர் இஎஸ்பி32 சிப்புல இதைச் செஞ்சு பார்க்கிறாங்க. மலிவு, எல்லா எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும்.

அந்த சிப் ஆழ்ந்த தூக்கத்துல சுமார் 10 மைக்ரோ ஆம்ப் மட்டும் இழுக்கும். வைஃபையில முழு பலத்தோட அனுப்பும்போது 240 மில்லி ஆம்ப் வரைக்கும் போகும். 2,600 மில்லி ஆம்ப்-அவர் பேட்டரி ஒண்ணு மாட்டினா, விடாம அனுப்பிட்டே இருந்தா 11 மணி நேரத்துக்குள்ள தீர்ந்துடும். தூங்கிட்டே இருந்தா? கணக்குப்படி 29 வருஷத்துக்கு மேல. நிஜத்துல அவ்வளவு காலம் பேட்டரியே தாங்காது, போர்டுல இருக்கிற மத்த பாகங்களும் இழுக்கும். ஆனா தூங்குறதுக்கும் கத்துறதுக்கும் நடுவுல 24,000 மடங்கு வித்தியாசம். இந்த ஒரு எண்ணுலதான் முழு டிசைனும் நிக்குது.

வைஃபை தோட்டத்துக்கு எட்டாது. அப்போ லோரா. இந்தியாவுல 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உரிமம் தேவையில்லாத அலைவரிசையில ஓடுது, கிலோமீட்டர் கணக்குல போகும், கொஞ்சம் பவர்தான் இழுக்கும். ஆனா ரொம்ப மெதுவு. தூரமா போற அமைப்புல நொடிக்கு 250 பிட், ஒரு பொட்டலத்துக்கு 51 பைட். 100 கேபி படம் ஒண்ணை அனுப்ப 3,200 நொடி ஆகும், அதாவது 53 நிமிஷம். கிட்டத்தட்ட 2,000 பொட்டலம். நடக்காத காரியம்.

ஆனா படத்தைக் கருவியே பார்த்து, "இன்னைக்கு 7 பூச்சி"ன்னு மட்டும் சொன்னா? ஒரே ஒரு பைட். ஒரே பொட்டலத்துல போயிடும். இங்கதான் சுவாரசியம். நெட்வொர்க் மெதுவா இருக்கிறதால மூளையைக் கருவிக்குள்ள கொண்டு வர வேண்டியிருக்கு. சின்னதா சுருக்கின மாடல் ஒண்ணு உள்ளே ஓடும். அதுக்குச் சந்தேகமா இருக்கிற படத்தை மட்டும் மெமரி கார்டுல சேர்த்து வெக்கும். வீட்டு வைஃபை பக்கம் வந்ததும் பெரிய மாடல்கிட்ட கேட்டுக்கலாம். இதை பகுதி ஆஃப்லோடிங்னு சொல்றாங்க. முழுசா நானே செய்வேன், முழுசா நீயே செய்னு ரெண்டே வழி இல்ல. தேங்காயை உரிச்சுட்டுத்தான் சந்தைக்கு அனுப்புவோம், மட்டையைச் சுமக்க மாட்டோம். அதே மாதிரி.

பங்குக் கிணறும் தைப்பூசமும்

இதுவரைக்கும் ஒரே ஒரு கருவி. இப்போ ஆயிரம் கருவி, ஒரே ஒரு பெட்டி. ரிசோர்ஸ் அலொகேஷன்ங்கிற ரெண்டாவது பாதி இங்க ஆரம்பிக்குது.

எங்க பக்கம் பங்குக் கிணறு நிறைய. தாத்தா வெட்டின கிணறு, மூணு பிள்ளைகளுக்குப் பங்கு. யாருக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம்னு முறை வெச்சு இறைப்பாங்க. நெல்லுக்குத் தண்ணி அதிகம், மல்லிக்குக் கம்மி. ஒருத்தர் முறையை இன்னொருத்தருக்கு விட்டுக் கொடுக்கிறதும் உண்டு, அதுக்காக வெட்டுக்குத்து ஆனதும் உண்டு. டவரோட அலைவரிசையும் சர்வரோட நேரமும் அந்தக் கிணத்துத் தண்ணி மாதிரிதான். எவ்வளவு இருக்குங்கிறதைவிட யாருக்கு எப்போன்னு முறை வைக்கிறதுதான் பெரிய பிரச்சினை.

முறை இல்லாம அவங்கவங்க லாபத்தை மட்டும் பார்த்தா என்ன ஆகும்? தைப்பூச நேரத்துல எங்க ஊருக்கு வாங்க. காரைக்குடி பக்கமிருந்து நத்தம், திண்டுக்கல் வழியா லட்சக்கணக்கான பேர் பழனிக்கு நடப்பாங்க. ரோடு முழுக்க ஜனம். எல்லாரும் ஒரே நேரத்துல வீட்டுக்கு வீடியோ கால் போட்டா, ஒருத்தர் முகமும் தெரியாது. ஒவ்வொரு போனும் தனியா யோசிச்சு "அனுப்பறதுதான் எனக்கு லாபம்"னு முடிவெடுக்கும். எல்லாரும் அதே முடிவெடுத்ததால எல்லாருக்கும் நஷ்டம். இதனாலதான் ஆராய்ச்சியாளர்கள் விளையாட்டுக் கோட்பாட்டை இங்க கொண்டு வர்றாங்க. கூட்டம் அதிகமானா சிலர் தானே செஞ்சுக்கட்டும், சிலர் காத்திருக்கட்டும், யாருக்கும் தன் முடிவை மாத்தத் தோணாத ஒரு நிலைக்கு மொத்தக் கூட்டமும் எப்படி வந்து சேருறதுன்னு கணக்குப் போடுறாங்க.

இன்னொரு சிக்கல், நாளைக்குச் சிக்னல் எப்படி இருக்கும்னு தெரியாது. தெரியாமலே நல்ல முடிவெடுக்க முடியுமா? முடியும். தோட்டத்துல தொட்டி வெச்சிருக்கிற விவசாயியைப் பாருங்க. மும்முனை மின்சாரத்தை எப்பவும் நம்பி இருக்க முடியாது. எப்போ போகும்னு அவருக்குத் தெரியாது. அவர் பார்க்கிறது ரெண்டே விஷயம்: தொட்டியில எவ்வளவு இருக்கு, இப்போ கரண்ட் இருக்கா. தொட்டி காலியா இருந்தா வோல்டேஜ் சுமாரா இருந்தாலும் மோட்டாரைப் போடுவார். தொட்டி பாதிக்கு மேல இருந்தா நல்ல கரண்ட்டுக்காகக் காத்திருப்பார்.

லியபுனோவ் ஆப்டிமைசேஷன்னு கட்டுரைகள்ல பயங்கரமா வர்ற சொல் இதுதான். காத்திருக்கிற வேலைகளோட வரிசைதான் தொட்டி, தலைகீழா. வரிசை நீளமா இருந்தா சிக்னல் மோசமா இருந்தாலும் அனுப்பு. வரிசை குட்டையா இருந்தா நல்ல சிக்னலுக்குக் காத்திரு. ஜோசியம் தேவையில்ல. ஒரே ஒரு திருகாணி இருக்கும்: அதைத் திருப்பத் திருப்ப மின்சாரம் மிச்சமாகும், ஆனா தாமதம் கூடும். எவ்வளவு திருப்பறதுங்கிறது மனுஷங்க எடுக்க வேண்டிய முடிவு.

மிச்சம் பிடிச்சோமா, இடம் மாத்தினோமா?

இப்போ கொஞ்சம் கசப்பான விஷயம். போன்ல 18 ஜூல் மிச்சம்னு சொன்னோம். அந்த வேலை மறைஞ்சு போகல. வேற ஒரு இடத்துல, வேற ஒருத்தர் மீட்டர்ல ஓடுது.

2007-இல் கூகுளைச் சேர்ந்த பரோசோவும் ஹோல்ஸ்லேவும் ஒரு கட்டுரையில சொன்னாங்க: சர்வர் சும்மா இருக்கும்போதுகூட, முழு வேலை செய்யும்போது இழுக்கிறதுல கிட்டத்தட்ட பாதியை இழுக்குது. இப்போ ஊருக்கு ஒரு எட்ஜ் பெட்டி வைக்கிறோம்னு வெச்சுக்கோங்க. உச்சத்துல 100 வாட், சும்மா இருக்கும்போது 50 வாட். ஒரு நாளைக்கு 1.2 யூனிட், மாசம் 36 யூனிட், யாரும் பயன்படுத்தாமலே. 5,000 மில்லி ஆம்ப்-அவர் போன் பேட்டரி ஒண்ணுக்கு சுமார் 19 வாட்-அவர் பிடிக்கும். அதாவது அந்தப் பெட்டி சும்மா இருந்தே தினமும் அறுபது போனை முழுசா சார்ஜ் பண்ற மின்சாரத்தைக் குடிச்சிடுது. நாலு பேர் பேட்டரியைக் காப்பாத்த அதை வெச்சா அது காமெடி.

அப்போ எங்க வைக்கலாம்? வேலை ஓயாத இடத்துல. வேடசந்தூர், வடமதுரை பக்கம் நூல் மில்லு நிறைய. ஒரு ரிங் ஃப்ரேம்ல ஆயிரம் ஸ்பிண்டில் இருக்கும். நூல் எங்க அறுந்ததுன்னு ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் கவனிக்கிற சென்சார் அமைப்புகள் இருக்கு. மெஷின் நாள் முழுக்க ஓடுது, டேட்டா கொட்டுது, கரண்ட் இருக்கு, கேபிள் இருக்கு. அதையெல்லாம் மும்பைக்கு அனுப்பறதுல அர்த்தமே இல்ல. மில்லுக்குள்ள ஒரு பெட்டி, அறுந்த ஸ்பிண்டில் எண் மட்டும் தொழிலாளிக்குத் தெரிஞ்சா போதும். எட்ஜ் தன் கூலியைத் தானே சம்பாதிக்கிற இடம் அது. மல்லித் தோட்டத்துக்குப் பக்கத்துல பெட்டி வைக்கணும்னா, தேவைப்படும்போது மட்டும் முழிக்கிற, சோலார்ல ஓடுற சின்னப் பெட்டி. நிறைய பெட்டி இருந்தா ராத்திரியில வேலையை ரெண்டுல குவிச்சுட்டு மத்ததைத் தூங்க வைக்கணும். எந்தப் பெட்டியை அணைக்கிறதுங்கிறதும் ரிசோர்ஸ் அலொகேஷன்தான்.

ப்ராஜெக்ட் செய்யற தம்பி தங்கச்சிகளுக்குக் கடைசியா ஒண்ணு. உங்க சிமுலேஷன்ல "ஆற்றல் செலவு 40 சதவீதம் குறைந்தது"ன்னு ஒரு கிராஃப் வரும். வந்ததும் மூணு கேள்வி கேளுங்க. யாரோட ஆற்றல் குறைஞ்சது, போனோடதா, பெட்டியோடதா, ரெண்டையும் கூட்டினதா? சிக்னல் எவ்வளவு மோசமானாலும் அது நிக்குமா? பெட்டி சும்மா இருக்கிற நேரத்தைக் கணக்குல சேர்த்தீங்களா? முடிஞ்சா ஒரு பவர் மீட்டரை எடுத்துட்டு, ஒரு சனி ஞாயிறு ஊருக்குப் போய், தோட்டத்துல நின்னு அளந்து பாருங்க. உங்க கிராஃபோட வடிவமே மாறிடும். அந்த மாறின கிராஃப்தான் எங்க சித்தி மாதிரி ஆட்களுக்குப் பயன்படும்.

உங்க ஊர்ல சிக்னலும் பேட்டரியும் படுத்துற பாட்டை எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.